ஆறாம் பாகம் இரண்டு

அமெரிக்கச் சட்டங்களிலே மொழிக் கல்வியோடு தொடர்புபட்ட 'ஆறாம் பாகங்கள்' இரண்டு உள்ளன. ஒன்று 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் வருவது. அமெரிக்கர்கள் பிறமொழிகளைக் கற்க அரசாங்கம் பணம் தரும் என்றது அது. மற்றையது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்தில் வருவது. அரசாங்கப் பணம் பெறும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பிறந்த தேசம் காரணமாக எவரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதிலே மொழி என்ற சொல் கிடையாது. ஆயினும் ஆங்கிலம் தெரியாமல் பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு நிழல் கொடுத்தது இந்த இரண்டாவதுதான்.

ஒரே மொழி, அதைக் கற்கப் போகிறவரிடம் செல்வமாகவும், வீட்டிலிருந்து கொண்டு வருகிற பிள்ளையிடம் குறையாகவும் கருதப்பட்ட வரலாறு இது. சட்டத்தரணிகள் இதை வேறு விதமாக வாசிப்பார்கள். கிராமத்துப் பாடசாலையில் கற்பிக்கின்ற நான் இதை வகுப்பறையில் நின்று வாசிக்கிறேன்.

கதை ஜெர்மன் மொழியில் தொடங்குகிறது. 1840இலேயே சின்சினாட்டி நகரின் அரசாங்கப் பாடசாலைகளில் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. 1915 அளவில் அமெரிக்க உயர்தரப் பாடசாலை மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஜெர்மன் படித்தார்கள். 1917இல் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியதும் அந்த மொழி பகைவனின் மொழியாயிற்று. 1922இல் அதைப் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை.

1919இல் நெப்ரஸ்கா மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. எட்டாந் தரம் சித்தியடையாத பிள்ளைக்கு எந்தப் பாடசாலையிலும் பிறமொழி கற்பிக்கக் கூடாது. எந்தப் பாடத்தையும் ஆங்கிலத்திலன்றி வேறு மொழியிற் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. ஹம்டன் என்ற சிற்றூரில் லூதரன் சபையின் பாடசாலையொன்றில் ரொபர்ட் மேயர் என்றோர் ஆசிரியர் இருந்தார். 1920 மே 25ஆந் திகதி, பத்து வயதுப் பையனொருவனுக்கு அவர் பைபிள் கதையொன்றை ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்தார். அது இடைவேளை நேரம். இருந்தும் 25 டொலர் தண்டம் விழுந்தது. தாய் தகப்பனோடு வணக்கத்திற் கலந்து கொள்ளப் பிள்ளைக்கு அந்த மொழி வேண்டும் என்பதே அவர் தரப்பு நியாயம். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி வளர்ந்த எமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நெப்ரஸ்கா நீதிமன்றம் தண்டனையைச் சரி கண்டது. லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகிய பழைய மொழிகளுக்குத் தடை இல்லையாம். யாரும் வீட்டில் பேசாத மொழியைப் படிக்கலாம், பேசுகிற மொழியைத்தான் படிக்கக் கூடாது! 1923 ஜூன் 4ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லாதாக்கியது. நீதியரசர் மக்ரெய்னல்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, கற்பிக்கும் ஆசிரியரின் உரிமையையும் பிள்ளையை வளர்க்கும் பெற்றோரின் உரிமையையும் பேசிற்று. பிள்ளையின் உரிமை பற்றிய பேச்சுக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அதற்கிடையில் வானத்தில் ஒன்று நடந்தது. 1957 ஒக்டோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. தாம் பின்தங்கி விட்டோம் என்று அமெரிக்கர்கள் பதறினார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. விஞ்ஞானம், கணிதம் ஆகியவற்றோடு பிறமொழிகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. முதலில் முன்னுரிமை பெற்ற ஆறு மொழிகளில் அறபும் சீனமும் அடங்கும். ரஷ்யன், ஜப்பானியம், ஹிந்தி-உருது, போர்த்துக்கீசம் ஏனையவை. பல்கலைக்கழகங்களில் மொழி நிலையங்கள் எழுந்தன. மொழி படிப்போருக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அந்த அலையில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஏ.கே. ராமானுஜன் பணியாற்றிய சிக்காகோ பல்கலைக்கழகம் தமிழ்க் கல்விக்குப் பேர் பெற்றது அந்தக் காலத்தில்தான். தமிழ் மீதும் அறபு மீதும் வந்த காதலால் நடந்தவையல்ல இவை. சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது.

இனி சான் பிரான்சிஸ்கோ. பல்கலைக்கழக மாணவர் சீனம் படிக்க அரசாங்கம் பணம் கொடுத்துக் கொண்டிருந்த அதே காலத்தில், அந்நகரின் அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 1,000 பேருக்கு மேலதிக ஆங்கில வகுப்புக் கிடைத்தது. மற்ற 1,800 பேருக்கு எதுவும் இல்லை. பாடசாலைக்கு வருவது சட்டப்படி கட்டாயம். உயர்தரப் பாடசாலையிலிருந்து சான்றிதழோடு வெளியேற ஆங்கிலத் தேர்ச்சியும் கட்டாயம். ஆனால் அந்த ஆங்கிலத்தைக் கொடுப்பது யாருக்கும் கட்டாயமில்லை.

1970இல் கின்னி கின்மன் லாவ் என்ற சிறுவனின் பெயரை முதலாவதாகக் கொண்டு வழக்கு வைக்கப்பட்டது. எதிராளியாகப் பெயர் வந்த நிக்கொல்ஸ், கல்விச் சபையின் தலைவர். கீழ் நீதிமன்றம் மறுத்தது. 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் குடும்பத்தாலும் சூழலாலும் வந்த வசதிகளோடும் குறைகளோடும்தான் பாடசாலைக்கு வருகிறது, அந்தக் குறையைப் பாடசாலை உண்டாக்கவில்லை என்பது அதன் கருத்து. இந்த வாதத்தை ஆசிரியர் ஓய்வறைகளில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 'வீட்டில் கவனிப்பில்லை, நாம் என்ன செய்வது?'

1974 ஜனவரி 21ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஒருமனதாக இதைப் புரட்டியது. சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பாகமே ஆதாரம். நீதியரசர் டக்ளஸின் தீர்ப்பு மிகச் சுருக்கமானது. எல்லாருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்து விட்டால் சமத்துவம் வந்து விடாது. ஆங்கிலம் விளங்காத பிள்ளைக்கு அங்கே கல்வியின் வாசலே அடைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் உட்பொருள். பரிகாரம் இன்னதுதான் என்று நீதிமன்றம் கட்டளையிடவில்லை. ஆங்கிலத்தைக் கற்பிக்கலாம், சீன மொழியிற் பாடம் நடத்தலாம், வேறு வழியும் இருக்கலாம். சும்மா இருக்க மட்டும் முடியாது.

எங்கள் நாட்டில் 1980 முதல் அரசாங்கம் இலவசப் பாடநூல் தருகிறது. கொழும்புப் பிள்ளைக்கும் எனது வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே ஆங்கிலப் புத்தகம். அது பெரிய கொடைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே நின்று விடுகிற பிள்ளையை டக்ளஸ் அறிந்திருந்தார் போலத் தோன்றுகிறது. வீட்டில் தமிழ் பேசிக் கொண்டு சிங்கள மொழிமூலப் பாடசாலைக்குப் போகும் எம் சமூகத்துச் சிறுவர்களின் நிலை லாவின் நிலைக்கு இன்னும் கிட்டியது. ஆசிரியர் கலாசாலையில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறைகளைப் படித்தோம். பாட மொழியே விளங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு விரிவுரையும் எனக்கு ஞாபகமில்லை.

தீர்ப்போடு இணங்கிய நீதியரசர் பிளக்மன் தனியே ஒரு குறிப்பு எழுதினார். இங்கே ஏறத்தாழ 1,800 பிள்ளைகள், ஆகவே இணங்குகிறேன்; ஜெர்மனோ போலிஷோ ஸ்பானிஷோ பேசுகிற ஒரேயொரு பிள்ளை என்றால் இத்தீர்ப்பு முடிவானதாகாது என்றார். நிர்வாகம் அப்படித்தான் கணக்குப் பார்க்கும். தனிப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு நியாயமானதாக எனக்குப் படவில்லை. ஹம்டனில் மேயருக்கு முன்னால் இருந்ததும் ஒரு பையன்தானே.

'ஏதாவது செய்' என்றால் அதிகாரிகள் ஏதோவொன்றைச் செய்து விட்டுக் கோவையை மூடி விடுவார்கள். இதற்கு விடையாக 1981இல் டெக்ஸாஸ் மாநிலத்து காஸ்தனேடா வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. கையாளும் முறை அறிஞர்கள் ஏற்கும் கோட்பாட்டில் நிற்கிறதா? அதை நடத்தத் தேவையான ஆசிரியரும் சாதனமும் கொடுக்கப்பட்டனவா? சில காலத்தின் பின் பிள்ளைகள் உண்மையில் தடை தாண்டினார்களா? பல சுற்றுநிருபங்களையும் செயலமர்வுகளையும் கண்ட எனக்கு, இரண்டாவது கேள்வியைத் தாண்டிய திட்டங்கள் அபூர்வமாகவே தெரிகின்றன. மூன்றாவதைக் கேட்க வந்தவரை நான் இன்னும் காணவில்லை.

அமெரிக்காவும் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. லாவ் பிறந்த வழக்கின் கலிபோர்னியாவிலேயே 1998இல் 61 வீதமான வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் ஒழித்து, சாதாரணமாக ஓராண்டுக்கு மேற்படாத ஆங்கில வகுப்பைப் போதுமென்றனர். அதே மாநிலம் 2011இல், இரு மொழிகளில் தேர்ந்து வெளியேறும் மாணவரின் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கச் சட்டம் செய்தது. 2016இல் 73 வீதமானோர் பழைய தடையை நீக்கினர். 2006 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் அறபு, சீனம், பாரசீகம் முதலியவற்றுக்கு மீண்டும் பாதுகாப்பின் பெயரிற் பணம் தேடினார். 2025 மார்ச் 1ஆந் திகதி ஜனாதிபதி டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகப் பிரகடனம் செய்தார். லாவ் தீர்ப்பு வந்த ஆண்டின் ஓகஸ்டில் காங்கிரஸ் இயற்றிய சம கல்வி வாய்ப்புச் சட்டத்தை இந்தப் பிரகடனம் இரத்துச் செய்யவில்லை. பிள்ளையின் மொழித்தடையை நீக்கப் பொருத்தமான நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.