என்புத் துண்டும் மனிதன் உயரமும்

போரிலும் பெருவிபத்திலும் மாண்டோரின் என்புகள் எப்போதும் முழுமையாகக் கிடைப்பதில்லை. பல வேளைகளில் துண்டுகளே எஞ்சுகின்றன. துண்டிலிருந்து காலென்பின் நீளத்தையும், அந்நீளத்திலிருந்து மாண்டவரின் உயரத்தையும் கணிக்கும் கலை, மாண்டவர் இன்னார் என அறிய உதவுவதாகும்.

1899ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் கார்ல் பியர்சன், நீண்ட என்புகளின் அளவைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் சமன்பாடுகளை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின் பின்னர், பசிபிக் களங்களில் மாண்ட அமெரிக்கப் போர்வீரரை இனங்காணும் பொருட்டு, உடற்கூற்றியலாளர் மில்ட்றெட் ட்றொட்டர் அம்மையார் 1948இல் ஹவாய்த் தீவு சென்றார். அங்கு அளந்த என்புகளை, வீரர் படையிற் சேர்ந்தபோது பதியப்பெற்ற உயரங்களோடு ஒப்பிட்டார். கோல்டீன் கிளேசர் அம்மையாருடன் சேர்ந்து 1952இல் புதிய சமன்பாடுகளைத் தந்தார். அவற்றுள் வெள்ளையின ஆடவர்க்குரிய ஒன்றின்படி, கணைக்காலின் பெரிய என்பு நீளத்தை 2.52 ஆற் பெருக்கி, 78.62 சென்ரிமீற்றரைக் கூட்டினால் உயரம் பெறப்படும்.

என்பு உடைந்திருப்பின் யாது செய்வது? 1969இல் ஸ்ரீல், மக்கேர்ண் என்னும் இருவர், மூட்டு விளிம்பு, தசை பற்றும் மேடு முதலிய அடையாளங்களைக் கொண்டு தொடையென்பை 4 பகுதிகளாகவும் கணைக்காலென்பை 5 பகுதிகளாகவும் வகுத்தனர். ஒரு பகுதி சிதையாது கிடைப்பினும் முழு நீளத்தைக் கணிக்கலாம். ஆயின், கணிப்பின்மேற் கணிப்பு ஏறுவதால் பிழையின் எல்லையும் விரியும்.

நேயர்கள் தம் கணுக்காலின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பின், ஒரு மேடு தட்டுப்படும். அது கணைக்காலென்பின் கீழ்நுனியாகும். அதனையும் சேர்த்தே அளந்ததாக ட்றொட்டர் எழுதியிருந்தார். 1994இல் ஜான்ற்ஸ் முதலிய மூவர், அவர் அளந்த என்புகளை மீள அளந்து, அந்நுனி அளவிற் சேர்க்கப்படவில்லை என்று காட்டினர். வேறுபாடு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே. எனினும், எழுதியவாறே நுனியையுஞ் சேர்த்து அளந்து அச்சமன்பாட்டிலிட்டால், உயரம் 2.5 சென்ரிமீற்றர் அளவில் மிகுந்துவிடும். காணாமற்போனோர் பட்டியலில் உரியவரின் பெயரே விலக்கப்படவும் அது ஏதுவாகலாம்.

சமன்பாட்டை வகுத்தோர் எங்கே தொடங்கி எங்கே முடித்தனரோ, அதைப் பயன்படுத்துவோரும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்தல் வேண்டும். முழு என்புக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், துண்டுக்கு எத்துணை வேண்டும்! மகனின் எச்சத்தை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு அந்த ஒரு சென்ரிமீற்றர் சிறிதன்று.