343, அப்புறம் இன்னொரு 343

இன்னைக்கு மூடிப்போன ஒரு மியூசியத்தைப் பத்திப் பேசுவோம்.

நியூயார்க்ல 9/11 மியூசியம்னா, இரட்டைக் கோபுரம் நின்ன இடத்துக்கு அடியில 2014-ல திறந்த பெரிய மியூசியம்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 2006-ல, பக்கத்து லிபர்ட்டி தெருவுல சின்னதா ஒண்ணு வந்துடுச்சு. பேரு ட்ரிப்யூட் சென்டர். இறந்தவங்களோட குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. அங்க சுத்திக் காட்டினவங்க தொழில்முறை கைடு கிடையாது. கோபுரத்துல இருந்து தப்பிச்சவங்க, மீட்புக்கு ஓடினவங்க, வீட்டுல ஒருத்தரைப் பறிகொடுத்தவங்க.

ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் லீ இயெல்பி, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் மகன் ஜோனதனும் தீயணைப்பு வீரர்தான், 29 வயசு. அப்பா மாசக்கணக்குல இடிபாட்டுல தேடினார். டிசம்பர்லதான் மகனோட உடல் கிடைச்சது. ஜோனதனோட தீயணைப்பு கோட்டை அந்த மியூசியத்துல வச்சிருந்தாங்க. அந்தக் கோட் இருக்கிற இடத்துல அந்த அப்பாவே பேசுறார்னா, விளக்கப் பலகை எதுக்கு?

சரி, இதையெல்லாம் வீடியோவா எடுத்து வச்சா போதாதா? என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுக்கு முதல்ல தோணுறது பேக்கப்தான். ஆனா பதிவு, எடுத்த தேதியோட நின்னுடும். பேசுற ஆள் நிக்கிறதில்ல.

அன்னைக்கு ஒரே நாள்ல நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு, செப்டம்பர் 18-ல, மத்திய சுற்றுச்சூழல் நிறுவனத் தலைவர் அங்க காத்து சுவாசிக்கப் பாதுகாப்பானதுன்னு அறிக்கை விட்டார். இடிபாட்டுத் தூசியில சிமென்ட், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்திருந்துச்சு. 2002 மே மாசம் வரைக்கும் ஆட்கள் அதுக்குள்ளயே நின்னு வேலை பார்த்தாங்க. அவங்க சிகிச்சைக்கான சட்டம் கையெழுத்தானதே 2011 ஜனவரியிலதான். 2023 செப்டம்பர்ல, இந்த நோய்களால இறந்த தீயணைப்புத் துறையினர் எண்ணிக்கையும் 343-ஐத் தொட்டுச்சு.

2002-ல எடுத்த எந்தப் பேட்டியிலயும் இந்த ரெண்டாவது 343 இருக்க வாய்ப்பில்ல. இருமிக்கிட்டே உங்க முன்னாடி நிக்கிற ஆள்கிட்டதான் அது இருக்கும்.

ட்ரிப்யூட் 2017-ல பக்கத்துலயே பெரிய இடத்துக்கு மாறுச்சு. அப்புறம் கொரோனா. பார்வையாளர் கூட்டம் குறைஞ்சு, பணம் இல்லாம 2022 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க. பொருள்களை ஆல்பனியில இருக்கிற மாநில மியூசியத்துக்குக் கொடுக்க ஏற்பாடாச்சு. பெரிய மியூசியத்துலயும் நேர்ல பார்த்தவங்க பேசுற நிகழ்ச்சிகள் நடக்குது. ஆனா அங்க அது பல நிகழ்ச்சிகள்ல ஒண்ணு. ட்ரிப்யூட்ல மியூசியமே அதுதான்.