இருநூறில் ஒன்று

நம் வயதுக்காரர்களின் கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கும். அது 1796-இல் ஜென்னர் காட்டிய பசு அம்மை வழி. அதற்கு முன்பு, பெரியம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். பெரும்பாலும் இலேசாக வார்த்து இறங்கிவிடும். பிறகு ஆயுசுக்கும் வராது. சிலர் அதிலேயே போய்விடுவதும் உண்டு.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வொல்த்தேரைப் படித்தோம். இந்த முறையை ஆதரித்து அவர் 1734-லேயே எழுதியிருந்தார். ஆனால் அதற்குக் கணக்குப் போட்ட தானியேல் பெர்னூலியைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

1760-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அந்தக் கணக்கு வந்தது. அம்மை வராதவர்களில் ஆண்டுக்கு எட்டில் ஒருவருக்கு அது வரும். வந்தவர்களில் எட்டில் ஒருவர் சாவார் என்று வைத்துக்கொண்டார். சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதம். பெரியம்மையே இல்லாவிட்டால் 29 ஆண்டு 9 மாதம். சீழ் குத்துவதால் 200 பேரில் ஒருவர் செத்தாலும் ஏறக்குறைய மூன்று ஆண்டு லாபம்தான். ராஜாங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே ஆண்டில் தலாம்பேர் மறுத்துப் பேசினார். அவர் அம்மை குத்துவதற்கு எதிரியல்ல. கூடுகிற மூன்று வருஷம் ஆயுளின் கடைசியில் எப்போதோ வரும், சாவு வந்தால் இந்த மாதமே வரும், இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்பதுதான் அவர் கேள்வி. அரசாங்கம் மொத்தத்தைப் பார்க்கும், பெற்றவள் தன் பிள்ளையை மட்டும் பார்ப்பாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடுகளோடு இருந்தவன் நான். சராசரி எவ்வளவு சௌகரியமான சொல் என்று எனக்குத் தெரியும். அதனால் தலாம்பேர் பக்கம் மனம் சாய்கிறது. ஆனாலும் ஒன்று உண்டு. குத்தாமல் வைத்திருக்கும் பிள்ளையும் ஆபத்தில்தானே இருக்கிறது? தானாக வந்த அம்மையில் பிள்ளை போனால் அது விதி. குத்தியதால் போனால், "நானே கொன்றுவிட்டேனே" என்று காலமெல்லாம் அழ வேண்டும். பயம் கூடுவது அங்கேதான். நான் சிறுவனாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் உண்டு. "ஆத்தா தானா வந்தா வரட்டும், நாமே போய்க் கூப்பிடுவானேன்" என்பார்கள். தலாம்பேர் பெயரைக் கேட்டிராதவர்கள் அவர்கள்.

பாரிஸிலும் பெர்னூலியின் கணக்கு பதினான்கு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1774 மே 10-இல் பதினைந்தாம் லூயி தன் 64-வது வயதில் பெரியம்மையில் இறந்தார். அடுத்த மாதமே பேரன் பதினாறாம் லூயியும் இரண்டு தம்பிகளும் கையை நீட்டிக் குத்திக்கொண்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். அதைக் கொண்டாட பாரிஸ் சீமாட்டிகள் ஒரு புதுக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மை குத்தியதன் பெயரையே அதற்கு வைத்தார்கள்.