தேவகிரியின் உப்பு மூட்டைகள்

ஔரங்காபாத் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) அருகிலுள்ள தேவகிரிக் கோட்டைக்குப் போய்வந்தவர்கள் அதன் இருட்டுச் சுரங்கப் பாதையைத்தான் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். நானும் தட்டுத் தடுமாறி ஏறினேன். வௌவால் நாற்றம் சகிக்கவில்லை! சுமார் 200 மீட்டர் உயரக் குன்று. அடிப்பாறையைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கி, கீழே அகழி வெட்டியிருக்கிறார்கள். உடும்புகூட ஏறாது. "சண்டை போட்டு இதை யாரும் பிடிச்சதில்லே" என்றார் வழிகாட்டி. பாறையைப் பார்த்தால் நம்பலாம். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

1296-இல் அலாவுதீன் கில்ஜி திடீரென்று வந்து முற்றுகையிட்டபோது, யாதவ மன்னர் ராமச்சந்திரரின் படையில் பெரும்பகுதி வெளியே போயிருந்தது. தானியம் என்று அவசர அவசரமாக உள்ளே ஏற்றிய மூட்டைகளைப் பிரித்தால், அத்தனையும் உப்பு என்கிறார் பெரிஷ்தா. அவர் எழுதியது 300 ஆண்டுகள் கழித்து. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். மன்னர் பணிந்து பொன்னைக் கொட்டிக் கொடுத்தது மட்டும் உறுதி. 1633-இலும் இதே கதைதான். மொகலாயத் தளபதி மகாபத் கான் வெளிமதில்களை வெடிவைத்துத் தகர்த்தார். உள்ளே இருந்தவர்களைக் கீழே இறக்கியது பஞ்சம்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1311-இல் துவாரசமுத்திரம் வழியாக மதுரை வரை போன மாலிக் காபூரின் படைக்கு, இந்தத் தேவகிரியில்தான் தளவாடங்கள் சேர்ந்தன. கொடுத்தவர் அந்த ராமச்சந்திரரே என்று எழுதிவைத்திருக்கிறார் அமீர் குஸ்ரௌ.