ஸ்டார் கட்டியாச்சு... மனசு ரெடியா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியது திருவருகைக் காலம். ஷாப்பிங் லிஸ்ட்டுக்கு நடுவுல, வீட்டில் ஒரு மூலையை ஜெபத்துக்கு ஒதுக்குங்க.

மெழுகுவத்தி: பச்சை இலை வளையத்தில் 3 ஊதா, 1 ரோஸ். வாரத்துக்கு ஒன்று கூடுதலா ஏத்தணும். ரோஸ், மூன்றாவது ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், காப்பகக் குழந்தைகள் நாள் எண்ணுவதற்காக விச்சர்ன் என்ற போதகர் செய்த வளையம்தான் இதற்கு முன்னோடி.

மொபைல்: ஜெபிக்கும் 10 நிமிஷம் பக்கத்து ரூம்ல இருக்கட்டும்.

குடில்: குழந்தை இயேசு சொரூபத்தை 24-ம் தேதி இரவு வரை வைக்காதீங்க. காலியான தீவனத் தொட்டி காத்திருக்கக் கத்துக்கொடுக்கும்.

மனசு: பேசாம இருக்கிற அண்ணனோ தோழியோ... நாலாவது மெழுகுவத்திக்கு முன்னாடி நீங்களே போன் பண்ணிடுங்க. மன்னிப்புக் கேட்காம குடில் மட்டும் ஜொலிச்சு என்ன பிரயோஜனம்?