மனோகர் தேவதாஸும் நம்ம ஊர்ச் சயனைடு மேடும்

மதுரை ஒத்தக்கடையில் படுத்த யானை போலக் கிடக்கும் யானைமலையில் 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் உள்ளன. அச்சணந்தி அடிகள் பெயரும் வட்டெழுத்தில் உண்டு. சமணனான எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். 1936இல் மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸுக்கோ அது பால்யத்திலேயே பழகிய மலை. அவர் படித்தது வேதியியல். உத்தியோகம் சென்னையில் பேட்டரி கம்பெனியில். விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும், லென்ஸ் வைத்துக்கொண்டு, 1940களின் மதுரையைப் பேனாக் கோட்டில் மயிரிழை பிசகாமல் வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் மறைந்தார். கண் மங்கியும் கை நிற்கவில்லை என்றால், சிறுவயதில் உள்ளே இறங்கிய ஊர்தானே காரணம்!

நம்ம கோலார் தங்கவயலில் மலைன்னா சயனைடு மேடு. பாறையைப் பொடித்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், தலை தட்டையாக, சாம்பல் நிறத்தில் நிற்கிறது. ஆனால் பிள்ளைகள் படத்தில் வருவதென்னவோ இரண்டு முக்கோண மலை, நடுவிலே சூரியன். டிராயிங் மாஸ்டர்கள் கற்றுக்கொடுத்த மலை அது, யார் ஊரிலும் இல்லாதது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின் பிறந்தவர்கள் ஷிப்ட் சங்கு கேட்டதில்லை. மேடாவது இன்னும் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை அதற்கு எதிரே உட்கார வைத்து ஒரு பென்சிலைக் கொடுங்களேன்.