நூற்றில் ஒரு பங்கு

இலங்கை மலைநாட்டுத் திம்புள்ளத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்து விடிய விடிய நடந்த காலத்தில், லயத்து அறைகளுக்குள் குப்பி விளக்குகள் புகைந்துகொண்டிருக்க, பொட்டலில் கம்பத்தின் உச்சியில் மாட்டிய பெற்றோமாக்ஸ் ஒன்றே ரதிக்கும் மன்மதனுக்கும் முகம் கொடுத்தது. அந்த வெண்ணிறப் பிரகாசத்துக்குக் காரணமான சீரியம் என்ற உலோகத்தை அங்கு எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. விளக்கில் கட்டும் வலைப்பையின் பெயரான 'மென்டில்' என்றால் போதும்.

1803இல் சுவீடனில் பெர்சீலியஸும் ஹிஸிங்கரும், ஜெர்மனியில் கிளாப்ரோத்தும் தனித்தனியே கண்டறிந்த இதற்கு, ஈராண்டுகளுக்கு முன் வானில் தென்பட்ட சீரிஸின் பெயர் சூட்டப்பட்டது. அருமண் இனத்ததாயினும் இஃது அரியதன்று. பூமியின் மேலோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உண்டு. கத்தியால் வெட்டத்தக்க மென்மையும், ஈரக்காற்றில் மங்கும் சுபாவமும், உரசினால் பொறி பறக்கும் குணமும் உடைய இவ்வுலோகத்துக்கு நெடுங்காலம் பெரிய உபயோகம் ஏதும் வாய்க்கவில்லை.

புகையிரதம் திம்புள்ளையைக் கடந்து நானுஓயாவை எட்டிய அதே 1885இல், வியன்னாவில் கார்ல் ஆவர் என்ற இரசாயன விஞ்ஞானி முதல் மென்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் ஒளி பச்சை பாய்ந்திருந்தது, வியாபாரமும் படுத்தது. விடாது பரிசோதித்து, 1891இல் தோரியம் ஒட்சைட்டு தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்குமாகச் சேர்த்தபோதுதான் கண்ணைக் கூசச்செய்யும் வெளிச்சம் பிறந்தது. தோரியம் தனித்து நின்றால் ஒளி சோகை பிடித்திருக்கும். சீரியம் மிகுந்தாலோ மங்கிவிடும். வெப்பத்தை வீணே வெளிவிடாது காப்பது முன்னது. அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழ்வது பின்னது.

இவ்விரு உலோகங்களின் உப்புக் கரைசலில் தோய்த்த நூல்வலைப் பையை விளக்கில் கட்டிக் கொளுத்தினால் நூல் எரிந்து ஒட்சைட்டுச் சாம்பல் மட்டும் பையின் உருவிலேயே நிற்கும். பிறகு ஸ்பிரிட்டை எரித்துக் குழாயைச் சூடாக்கிப் பம்பை அடிக்க, மண்ணெண்ணெய் ஆவியாகி உள்ளே எரியும். விரல் பட்டாலும் உதிர்ந்துபோகும் அச்சாம்பலுக்காகவே விளக்கின் அருகே பிள்ளைகளை அண்டவிடமாட்டார்கள். மன்மதன் எரிந்து சாம்பலாகும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு ஏது?

மென்டிலால் தோரியத்துக்கு உலகெங்கும் கிராக்கி ஏறியிருந்த 1904இல், ஹோர்ட்டன் சமவெளிக்குத் தெற்கே பலாங்கொடைப் பகுதியில், மாணிக்கம் அரிப்போரின் சரளையில் கிடைத்த கரிய, கனத்த, கனசதுரக் கற்கள், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தன. லண்டனில் டன்ஸ்டன் என்ற விஞ்ஞானி பரிசோதித்துத் தோரியனைட்டு எனப் பெயரிட்ட அக்கனியத்தில் பெரும்பங்கு தோரியமே. சிறிது சீரியமும் உண்டு. மறு ஆண்டே ஓட்டோ ஹான் அதிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். சிவ நடனத்தைப் பற்றி எழுதியவராகக் குமாரசுவாமியைக் கொண்டாடும் நம்மவர், இந்தக் கல்லை ஏனோ மறந்துவிட்டனர்.

1950இல் லக்ஸபான மின்நிலையம் இதே மலைநாட்டு நீரைக்கொண்டு இயங்கத் தொடங்கிற்று. ஆனால் மின்கம்பிகள் தோட்டங்களின் தலைக்குமேல் கொழும்பு நோக்கிச் சென்றன. பல லயங்களுக்கு மின்சாரம் வர மேலும் பல்லாண்டுகள் ஆயின. அதுவரை திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் இழவுக்கும் பெற்றோமாக்ஸையே வாடகைக்கு எடுத்தார்கள்.